இழவு சொல்லும் மொழி

நன்னூல் தகுதி வழக்கின் மூன்று வகைகளுள் ஒன்றாக மங்கலத்தை வைக்கிறது. செத்தாரைத் 'துஞ்சினார்' என்பதும் சுடுகாட்டை 'நன்காடு' என்பதும் அதற்கு நாம் வகுப்பில் காட்டும் எடுத்துக்காட்டுகள். இவற்றைக் கற்பிக்கும் நாமே ஒரு மாணவனை வகுப்பிலிருந்து அழைத்து, அவன் தந்தையின் மறைவைச் சொல்ல நேர்ந்தால் எச்சொல்லைத் தேர்வோம்?

தீய செய்தியைத் தள்ளிப்போடுவது மனித இயல்பு. செய்திக்குத் தாம் பொறுப்பல்லர் என்று அறிந்தும் மக்கள் நல்லதை விரைந்து சொல்லித் தீயதை விழுங்கிவிடுவதைச் சிட்னி ரோசன், ஆபிரகாம் டெசர் என்னும் உளவியலாளர்கள் 1970இல் ஆய்ந்து, அதற்கு 'மம் விளைவு' எனப் பெயரிட்டனர்.

தயக்கத்தைக் கடந்தால் மட்டும் போதாது. சொல்லும் வழியும் வேண்டும். 2014 மார்ச் 8ஆம் நாள் கோலாலம்பூரிலிருந்து பெய்ஜிங் நோக்கிப் புறப்பட்ட எம்எச்370 விமானம் 239 பேருடன் காணாமற்போனது. பயணிகளுள் பெரும்பாலோர் சீன நாட்டவர். 24ஆம் நாள் இரவு, அதன் பயணம் தென் இந்தியப் பெருங்கடலில் முடிந்ததெனப் பிரதமர் நஜிப் ரசாக் அறிவித்தார். அதற்குச் சற்று முன்னர், எவரும் பிழைக்கவில்லை என்னும் ஆங்கிலக் குறுஞ்செய்தி உறவினர் கைப்பேசிகளை எட்டியது. பெரும்பாலோருக்கு நேரிலோ தொலைபேசியிலோ தெரிவித்ததாகவும், குறுஞ்செய்தி கூடுதல் வழியே என்றும் விமான நிறுவனம் விளக்கியது. ஆயினும் உலகோர் நினைவில் நின்றது குறுஞ்செய்திதான். கையைப் பற்ற ஒருவரும் அருகில் இல்லாமல், பலருக்குத் தாய்மொழியும் அல்லாத மொழியில் வந்த செய்தி அது.

மருத்துவர்கள் வால்டர் பெய்ல், ராபர்ட் பக்மன் முதலியோர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட 'ஸ்பைக்ஸ்' முறை ஆறு படிகளை உடையது. அவற்றுள் நாம் பெரிதும் மதிப்பது, சொல்லுமுன் கேட்பது: "உங்களுக்கு இதுவரை என்ன தெரியும்?" கிள்ளானிலோ பிரிக்பீல்ட்ஸிலோ வாழும் மூதாட்டி ஒருவருக்கு மருத்துவர் மலாயில் சொல்வதைப் பேரன் தமிழாக்க நேரும்போது இக்கேள்வி இன்னும் இன்றியமையாதது. 'கட்டி' என்ற சொல்லோடு அவன் நிறுத்திக்கொண்டால், பாட்டிக்கு நோயின் பெயரே தெரியாமற்போகும். அச்சுமையைச் சிறுவன்மேல் ஏற்றாமல், தமிழறிந்த தாதியரை அழைப்பதே முறை.

மாணவனிடம் திரும்புவோம். 'தூங்கிவிட்டார்' என்று கேட்ட சிறு பிள்ளை, அப்பா எப்போது எழுவார் எனக் காத்திருக்கும். தானும் உறங்க அஞ்சும். ஆகவே தனியிடத்தில் அமரவைத்து, வருத்தமான செய்தி வருகிறது என முன்னரே உணர்த்தி, "அப்பா இறந்துவிட்டார்" என்று சொல்லிவிடவேண்டும். பிறகு பேசாமல் உடனிருக்கலாம். நாளிதழின் கண்ணீர் அஞ்சலியில் 'இறைவனடி சேர்ந்தார்' என்பது பொருந்தும். அங்கே படிப்போர் பொருளறிந்தோர்.