சவரக்கத்தியும் பத்து நிமிடமும்

கல்முனையிலிருந்து கிட்டங்கித் தாம்போதியைக் கடந்து மேற்கே சென்றால் வயல்வெளிகளுக்கு நடுவே நாவிதன்வெளியை அடையலாம். ஊர்ப்பெயரிலேயே ஒரு தொழிலின் பெயர் நிலைத்து நிற்கின்றது. அத்தொழிலை எளிதென்று கருதுவோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். பிறர் ஒருவர் கூரிய கத்தியோடு கழுத்தருகே வரும்போது கண்ணை மூடிக்கொண்டு அமர்ந்திருக்க எவர்தாம் இசைவர்? சத்திர வைத்தியரிடமும் சவரத் தொழிலாளியிடமுமே மனிதன் அவ்வாறு இசைகின்றான். முற்காலத்தில் கட்டியைக் கீறி மருந்திட்டவரும் சவரத் தொழிலாளியே. ஆகவே வைத்தியசாலைக்குரிய தூய்மை விதிகளைச் சலூனிலும் எதிர்பார்ப்பது மிகையன்று.

மழிக்கும்போது தோலில் நுண்ணிய கீறல்கள் விழுகின்றன. கசியும் குருதி கண்ணுக்குப் புலப்படாமலும் இருக்கலாம். செங்கண்மாரி வகைகளுள் ஒன்றான ஈரல் அழற்சி பி நோயின் வைரசு, உடலுக்கு வெளியே உலர்ந்த பரப்பிலும் ஏழு நாள்வரை உயிர்ப்புடன் இருக்கவல்லது. அதனைத் தாங்கியவர் பலர் நோய்க்குறி யாதுமின்றி நடமாடுவர். சிலரிடத்து அது நிலைத்து, ஆண்டுகள் பல கழிந்தபின் ஈரலைச் சுருக்கிப் புற்றுநோயாகவும் முடியும். இலங்கையில் குழந்தைகளுக்கான தடுப்பூசித் திட்டத்தில் இதற்குரிய ஊசி 2003 ஆம் ஆண்டு சேர்க்கப்பட்டது. அதற்கு முன் பிறந்து, பின்னரும் ஊசி பெறாதவர்க்கு அக்காப்பு இல்லை. நாற்காலியில் அமர்பவருக்கு மட்டுமன்று, விரலில் கீறலோடு வேலை செய்யும் தொழிலாளிக்கும் இந்த ஆபத்து உண்டு.

ஒவ்வொருவருக்கும் புதிய பிளேட் என்னும் வழக்கம் பரவியிருப்பது நன்று. ஆனால் பிளேட்டைப் பிடிக்கும் கைப்பிடி? அது காலையிலிருந்து மாலைவரை ஒன்றே. பல கடைகளில் கிருமிநாசினி ஊற்றிய கிண்ணம் ஒன்று மேசைமேல் இருக்கும்; மாலையில் அதில் மயிரும் சவர்க்கார நுரையும் மிதக்கும். அழுக்கு மிகுந்த நீரில் மருந்தின் வீரியம் அழுக்கோடு போராடியே தீர்ந்துவிடுகின்றது. கிருமியை அணுகுவதற்கு மிச்சமில்லை. எனவே முதலில் சவர்க்காரமிட்டுத் தேய்த்துக் கழுவுதல், பின்னரே மருந்தில் இடுதல் என்பது மாறாத முறை.

மருந்துகளுள் மலிவானது குளோரின். வியன்னா நகர மருத்துவமனையில் இக்னாஸ் செம்மல்வைஸ் என்னும் வைத்தியர், பிணத்தை அறுத்த கைகளில் சவர்க்காரமிட்டும் நாற்றம் போகாமையைக் கண்டு, பிரசவ விடுதிக்குள் நுழையுமுன் குளோரின் சுண்ணாம்புக் கரைசலில் கை கழுவுமாறு 1847 ஆம் ஆண்டு மே மாதத்தில் மாணவரைப் பணித்தார். ஏப்ரலில் நூற்றுக்கு 18 ஆக இருந்த தாய்மார் மரணம் ஜூனில் நூற்றுக்கு 2 அளவிற்கு இறங்கிற்று. கல்முனைக் கரையோர மக்களுக்கும் குளோரின் புதிதன்று. 2004 டிசம்பர் 26 ஆம் நாள் கடல் பொங்கியபின் கிணறுகளை இறைத்து இட்ட மருந்து அதுவே.

நூற்றுக்கு 5 பங்கு செறிவுள்ள குளோரின் திரவம் ஒரு பங்கு, தண்ணீர் ஒன்பது பங்கு. அன்றாடம் புதிதாகக் கலக்க வேண்டும். கழுவிய கருவி அதில் பத்து நிமிடம் மூழ்கிக் கிடத்தல் வேண்டும். முக்கி எடுத்தல் போதாது. பின்னர் நல்ல நீரில் அலசாவிடின் இரும்பு துருவேறும். நீரில் இடவியலாத மின்கத்தரிக்கு, மயிரைத் தூரிகையால் நீக்கியபின் ஸ்பிரிட் பூசி, அது தானே உலரும்வரை விடலாம். இதற்கு நூற்றுக்கு 70 பங்கு ஸ்பிரிட் கலப்பற்றதினும் வலிது; சிறிது நீர் சேர்ந்தாற்றான் கிருமியின் புரதம் நன்கு உறையும்; கலப்பற்றதோ விரைந்து ஆவியாகிவிடும்.

சீனாக்காரக் கட்டியைப் பற்றியும் சொல்லவேண்டும். வெட்டுப்பட்ட இடத்தில் தேய்த்த அதே கட்டி அடுத்தவர் கன்னத்திற்கும் செல்கின்றது. தூளாக்கிச் சுத்தமான பஞ்சில் தொட்டு வைத்துப் பஞ்சை எறிந்துவிடுதல் எளிது. கழித்த பிளேட்டுகளைக் குப்பையோடு கலவாமல் மூடியுள்ள தகரப் பேணியில் இடவேண்டும்.

பெருநாளுக்கு முந்திய இரவிலும் சித்திரைப் புத்தாண்டு நெருங்கும் நாட்களிலும் வாங்கில் வரிசையாக ஆட்கள் காத்திருக்கையில் பத்து நிமிடத்திற்கு எங்கே போவது என்று தொழிலாளி கேட்பது நியாயமே. விடை கைப்பிடியின் எண்ணிக்கையில் இருக்கின்றது. மூன்று நான்கு கைப்பிடிகள் இருப்பின் ஒன்று வேலையில் இருக்க மற்றவை மருந்தில் கிடக்கும். அவற்றின் விலை பெரிதன்று.