மஞ்சள் பந்தும் செம்பட்டைத் தலையும்: கராரா வேலியோரம் ஒரு மாலை!

கம்பி வேலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். 2025 சீசனின் ஒரு மாலை. ஆட்டம் தொடங்க இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் கோல்ட் கோஸ்ட்டில், கராரா மைதானத்தின் நாற்காலிகள் முக்கால்வாசி காலி. எனக்கோ நெஞ்சு படபடக்கிறது! கூப்பிடு தூரத்தில் கோல்ட் கோஸ்ட் சன்ஸ் வீரர்கள் பயிற்சிக்கு இறங்கிவிட்டார்கள். ஊரே பார்க்கப்போவது ராத்திரி ஆட்டத்தை. அதற்கு முன்னால் இவர்கள் தங்களைத் தீட்டிக்கொள்வதைப் பார்க்கத்தான் நான் இவ்வளவு சீக்கிரம் ஓடி வந்தேன்.

துணைப் பயிற்சியாளர் ஒருவர் பந்தைத் தரையில் உருட்டி விடுகிறார். ஆஸ்திரேலிய ஃபுட்டியின் பந்து முட்டை வடிவம். பகலில் சிவப்பு, இரவில் மஞ்சள். உருண்டைப் பந்து என்றால் எங்கே எழும்பும் என்று ஓரளவு சொல்லிவிடலாம். இது ஒரு தடவை இடப்பக்கம் துள்ளும், அடுத்த தடவை முகத்துக்கே வரும். போதாக்குறைக்கு இது கடலோர ஊர். இரவு ஈரமும் கை வியர்வையும் சேர்ந்தால் தோல் பந்து நனைந்த சோப்புக்கட்டிதான்.

ஓடிவரும் வீரர் முழங்காலை மடக்கி, விரல்களைப் பந்துக்கு அடியில் கொடுத்து, ஒரே அள்ளலில் எடுக்கிறார். எடுத்த கையோடு ஒரு உள்ளங்கையில் ஏந்தி, மறுகை முஷ்டியால் குத்தி அடுத்தவருக்கு அனுப்புகிறார். எறியக் கூடாது, குத்தித்தான் அனுப்ப வேண்டும். மறுபடி உருட்டல், மறுபடி அள்ளல். தப், தப், தப்! அந்தச் சத்தத்தை விடிய விடியக் கேட்டுக்கொண்டிருக்கலாம்.

அதோ, கூட்டத்துக்கு நடுவே அந்தச் செம்பட்டைத் தலை! மேட் ரோவல்! வயது 23, 24 இருக்கும். இரண்டு மீட்டர் உயர ராட்சதர்கள் உலவும் விளையாட்டில், தோளுக்குத் தோள் முட்டிப் பந்தை மீட்பதே இவர் பிழைப்பு. சில வருடங்களாகவே ரசிகர்கள் வாயில் ஒரே கேள்வி: இவர் இன்னும் முன்னேறுவாரா, அல்லது இவ்வளவுதானா?

கேள்விக்குக் காரணம் உண்டு. அணிகள் இளம் வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் 2019 டிராஃப்ட்டில் நாட்டின் முதல் தேர்வு ரோவல். இரண்டாம் தேர்வு, அவரோடு ஓக்லி சார்ஜர்ஸ் அணியில் ஆடிய நண்பர் நோவா ஆண்டர்சன். இருவரையும் சன்ஸே அள்ளிக்கொண்டது. 2020இல் ரோவல் ஆட வந்த வேகம் இருக்கிறதே! ஒவ்வொரு லீக் ஆட்டமும் முடிந்ததும் நடுவர்கள் மூன்று சிறந்த வீரர்களுக்கு 3, 2, 1 என்று வாக்களிப்பார்கள். சீசனின் சிறந்த வீரருக்கான பிரவுன்லோ பதக்கம் அந்தக் கணக்கில்தான் போகும். தன் இரண்டாம், மூன்றாம், நான்காம் ஆட்டங்களில் இந்தப் பையன் 3, 3, 3 வாங்கினார்! அடுத்த ஆட்டத்தில், 19 வயது நிரம்பிய அதே வாரத்தில், தோள்பட்டை விலகியது. சீசன் முடிந்தது. 2021இன் முதல் ஆட்டத்திலேயே முழங்கால் போயிற்று.

திரும்பி வந்த பிறகும் அடிதடிக்குக் குறைவில்லை. ஆனால் ‘பந்தை எடுக்கிறார், சரி. எடுத்த பிறகு என்ன செய்கிறார்?’ என்று விமர்சனம் எழுந்தது. ஆட்டத்தின் சூட்சுமமே அங்கேதான். குவியலுக்குள் தலையை விட்டுப் பந்தை மீட்பவருக்கு, அடுத்து யோசிக்கக் கிடைப்பது அரை விநாடி. தலையை நிமிர்த்தி ஆளைப் பார்த்து அனுப்பினால் அது தாக்குதல். பதறி உதைத்தால் எதிரணிக்குத் தானம்.

உதையையும் பக்கத்தில் நின்று பாருங்கள். ‘டிராப் பண்ட்’ என்று பெயர். பந்தை நிமிர்த்திப் பிடித்து, ஒரு கையாலேயே காலுக்கு வழிகாட்டி, நுனி கீழே இருக்க விட வேண்டும். பாதத்தை விறைத்து அடித்தால் பந்து பின்பக்கமாகச் சுழன்றுகொண்டே நேராகப் பறக்கும். கையிலிருந்து விடும்போது ஒரு விரற்கடை சாய்ந்தால் போதும், ஐம்பது மீட்டர் தள்ளி அது வேறு ஊருக்குப் போய்விடும்! இங்கே வேலியோரம் ஒருவர் உதைக்கிறார், முகம் சுளிக்கிறார், பந்தை வாங்கி மறுபடி அதே உதை. யாரும் கைதட்டவில்லை. நான் மட்டும் தட்டினேன்.

ஆட்டம் தொடங்கியது. நடுவட்டத்தில் நடுவர் பந்தைத் தரையில் ஓங்கி அடித்து எழுப்ப, அதைத் தட்டிவிட இரண்டு அணிகளின் நெட்டை ஆட்டக்காரர்களான ‘ரக்மேன்கள்’ எம்பினார்கள். கீழே ஒரு செம்பட்டைத் தலை மின்னல்போலப் பாய்ந்து குவியலுக்குள் புகுந்தது. என் கண்கள் பந்து மேல் இல்லை, அவர் கழுத்து மேல்! குனிந்த கழுத்து நிமிர்கிறதா? நிமிர்ந்தது! ஒரு பார்வை, ஒரு குத்து, பந்து நண்பன் கையில். நான் இருக்கையில் இல்லை, எழுந்து நின்று கத்திக்கொண்டிருந்தேன்.

அந்தச் சீசன் எப்படி முடிந்தது தெரியுமா? 2011இல் லீகுக்கு வந்த சன்ஸ், ஆண்டர்சன் தலைமையில் முதல் தடவையாக இறுதிச் சுற்றுகளுக்குள் நுழைந்தது. பெர்த்தில் ஃபிரீமான்டிலை ஒரே ஒரு புள்ளியில் சாய்த்தது! செப்டம்பரில் பிரவுன்லோ பதக்கம் ரோவலுக்கு: 39 வாக்குகள். இரண்டாம் இடத்தில் காலிங்வுட்டின் நிக் டெய்கோஸ், 32. சன்ஸ் சட்டையில் இதற்கு முன் இந்தப் பதக்கத்தை வாங்கியவர் கேரி ஆப்லெட் ஜூனியர் மட்டுமே, 2013இல்.

சரி, பதக்கம் வாங்கியாயிற்று, இனி முன்னேற என்ன இருக்கிறது என்கிறீர்களா? ஆப்லெட் 2013இல் அதை வாங்கியபோது வயது 29. லாக்கி நீல் வாங்கியது 27இலும் 30இலும். பேட்ரிக் கிரிப்ஸ் 27இல் ஒன்று, 29இல் 45 வாக்குகளோடு இன்னொன்று. நடுக்கள ஆட்டக்காரரின் உடம்பு முறுக்கேறி, கண் தெளிந்து, கால் சொன்னபடி கேட்பது பெரும்பாலும் அந்த வயதில்தான். பதக்கம் வாங்கியபோது ரோவலுக்கு 24தான். கதிர் இப்போதுதான் பால் பிடித்திருக்கிறது!

அதனால் கராரா போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: கூட்டம் சேருமுன் போங்கள். வேலியோரம் நின்று அந்த ‘தப், தப்’ கேளுங்கள். முன்னேற்றம் என்பது அந்தச் சத்தத்தில்தான் இருக்கிறது.