கூட்டுக் கல்வி மென்பொருளும் செய்தி வழங்கியும்

‘ஒரு குழந்தைக்கு ஒரு மடிக்கணினி’ என்னும் திட்டத்திற்கென உருவாகியது சுகர் என்னும் கல்வி மென்பொருள். உருகுவை நாட்டின் சேய்பால் திட்டம் 2007இல் வில்லா கார்டால் என்னும் சிற்றூரில் அக்கணினிகளைக் கொண்டே தொடங்கிற்று. ஒரு மாணவன் எழுதும் கட்டுரையில் மற்றொரு மாணவனும் தன் கணினியிலிருந்தவாறே உடன் எழுதலாம் என்பது இம்மென்பொருளின் தனிச்சிறப்பு. அதற்கு, யார் யார் அருகில் உளர் என்பதைக் கணினி அறிதல் வேண்டும்.

அவ்வறிவு இருவகையாற் பெறப்படும். ஒரே கம்பியில்லா வலையிலுள்ள கணினிகள் தம் இருப்பைத் தாமே ஒன்றற்கொன்று அறிவித்தல் ஒன்று. சிறு வகுப்பிற்கு இது போதும். செய்தி வழங்கி ஒன்றன் வாயிலாக அறிதல் மற்றொன்று. பெரிய பள்ளிக்கு இதுவே ஏற்றது.

இவ்வழங்கி பேசும் மொழி எக்ஸ்எம்பிபி என்பது. 1999இல் ஜெரமி மில்லர் வெளியிட்ட ஜாபரின் வழிவந்த இது, 2004இல் இணையப் பொறியியல் பணிக்குழுவால் நெறிப்படுத்தப்பட்டது. சுகருக்குப் பெரிதும் பயன்பட்ட வழங்கி ஈஜாபர்டி ஆகும்.

அதனை நிறுவுவோர் கருத வேண்டுவன நான்கு. முதலாவது, வழங்கிக்கு இட்ட பெயரும் மாணவர் கணினியிற் குறித்த முகவரியும் ஒன்றாதல் வேண்டும். வேறுபடின் இணைப்பு அமையாது. இரண்டாவது, 5222ஆம் துறை திறந்திருத்தல் வேண்டும். மூன்றாவது, கணினிகள் தாமே கணக்குப் பதிந்துகொள்ள இசைவு வேண்டும்; சிறுவர் கடவுச்சொல் இடுவதில்லை ஆதலின் என்க. நான்காவது, அனைவரும் ஒருவரையொருவர் காணுமாறு பொதுப் பெயர்ப்பட்டியல் ஒன்று அமைத்தல் வேண்டும்.

இந்நான்காவதே ஆழ்ந்து நோக்கற்பாலது. முப்பது மாணவர் உள்ள வகுப்பில் ஒவ்வொருவர் வருகையும் ஏனைய இருபத்தொன்பதின்மர்க்கு உணர்த்தப்படும். ஆகச் செய்திகள் 870. முந்நூற்றுவர் கூடின் அவை 89,700 ஆகும். மாணவர் தொகை பத்து மடங்காகச் செய்திச்சுமை நூறு மடங்கிற்கும் மேலாகப் பெருகுதல் காண்க. வழங்கி தளர்வதற்கு இதுவே காரணமாகலாம். கருவியின் குறை எனக் கொள்ளுதல் பொருந்தாது. பதிந்தோர் அனைவரையும் பட்டியலிற் சேர்க்காது, அவ்வேளை இணைந்திருப்போரை மட்டும் சேர்த்தல் சுமையைக் குறைக்கும்.

மற்றொன்றும் உண்டு. எவரும் பதியலாம், எவரையும் காணலாம் என்னும் இசைவு, வழங்கி வெளியுலகிற்குத் திறந்திருப்பின் அயலாரையும் சிறுவரிடையே கொணர்ந்து நிறுத்தும். ஆதலின் பள்ளிதோறும் தனி வழங்கி அமைத்து, அப்பள்ளி வலைக்குள்ளேயே பதிவு நிகழச் செய்தல் தக்கது. சுமை நோக்கினும் காப்பு நோக்கினும் இம்முறையே சிறந்தது என்பது எம் துணிபு. யாரை யார் காணலாம் என்பதை ஆசிரியரோடு கலந்து முடிவு செய்த பின்னரே வழங்கியை அமைக்கத் தொடங்குதல் நலம் எனக் கருதுகின்றோம்.