பிள்ளையின் நிழலைப் பாருங்கள்



சில வருடங்களுக்கு முன், பிந்தி வந்த மாணவன் ஒருவனை முற்றத்தில் நிற்க வைத்தேன். காலை பதினொரு மணியிருக்கும். வேறு வேலையில் மறந்துபோய், ஒரு மணி நேரத்துக்கு மேல் விட்டுவிட்டேன். வானத்தில் மெல்லிய மேகம், சுதுகங்கைப் பக்கமிருந்து காற்று. பெரிய தண்டனையாக எனக்குத் தோன்றவில்லை. மறுநாள் அவனுடைய உம்மா வந்து, பிள்ளையைத் திருப்பிப் பிடரியைக் காட்டினார். சிவந்து கன்றியிருந்தது. "நீங்க ஓதிக் கொடுக்கிறவங்க, உங்களுக்கு நான் என்ன சொல்ல மௌலவி?" என்றார். அதற்குமேல் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

உக்குவளையில் நம்மில் பலர் செய்யும் பிழைதான் அது. மலைக்காற்று வீசினால் வெயில் இல்லை என்று நினைக்கிறோம். உடம்பைச் சுடும் வெப்பம் வேறு, தோலைக் கருக்கும் புற ஊதாக் கதிர் வேறு. காற்று அதைத் தணிக்காது. மெல்லிய மேகத்தையும் ஊடுருவி வரும். ஏப்ரல் 9 அளவிலும் செப்டம்பர் தொடக்கத்திலும் நம் ஊருக்கு நேர் உச்சியில் சூரியன் நிற்கிறது.

இதை அளக்க ஒரு கருவியும் வேண்டாம். பிள்ளையின் நிழல் பிள்ளையைவிடக் குட்டையாக இருந்தால், அது ஆகாத வெயில். தொழுகை நேரத்துக்காக நிழலை அளக்கப் படித்தவன் நான். இதை அறிந்தபோது வியந்துபோனேன். ஷாஃபிஈ மத்ஹபின்படி, உச்சிப்பொழுது நிழலைக் கழித்து, ஒரு பொருளின் நிழல் அதன் அளவுக்கு வந்தால் அஸர். ஏப்ரலில் உச்சிப்பொழுது நிழலே இல்லாததால் இரண்டு கணக்கும் ஒன்றாகிவிடுகிறது. காலை ஒன்பதே கால் முதல் அஸர் வரை நிழலில் வைத்திருங்கள். விளையாட்டு அஸருக்குப் பிறகு.

ஆனால் பாடசாலை விடுவது ஒன்றரை மணிக்கு! பெண் பிள்ளைகளுக்குப் பர்தா கழுத்தையும் காதையும் மறைக்கிறது. ஆண் பிள்ளைகள்தான் பாவம். தலையில் தொப்பி இருக்கும், அதற்கு விளிம்பு இருக்காது. குடை கொடுத்தால் வெட்கப்படுவான். என் மகன் மூன்று குடைகளைத் தொலைத்திருக்கிறான். அகன்ற விளிம்புள்ள துணித்தொப்பி ஒன்று தைத்துக் கொடுங்கள். அவுஸ்திரேலியாவில் 1981 முதல் சட்டை, தொப்பி, களிம்பு என்று பிரசாரம் செய்கிறார்கள். அங்கே பல பாடசாலைகளில் தொப்பியில்லாத பிள்ளைக்கு வெயிலில் விளையாட்டு இல்லை. நிழலையும், வெப்பத்திலிருந்து காக்கும் ஆடையையும் அல்லாஹ் தன் அருட்கொடைகளாகச் சொல்லும் இடம் சூரா நஹ்லின் 81ஆம் வசனம்.

களிம்பு வாங்கினால் எஸ்.பி.எஃப். 30க்குக் குறையாமல் பார்த்து, இரண்டு மணிக்கொரு தடவை பூசுங்கள். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு நிழலும் துணியுமே போதும். "கறுத்துப் போவாள்" என்று மகளுக்கு வாங்கும் வெள்ளையாக்கும் கிறீம் இந்த வேலையைச் செய்யாது. அவற்றில் சிலவற்றில் பாதரசம் இருந்திருக்கிறது. கறுப்பு நிறம் நோயல்ல, ஓரளவு காப்புத்தான். பிறவியிலேயே தோலிலும் முடியிலும் நிறமில்லாத பிள்ளை வீட்டில் இருந்தால் ஒரு நாளும் அசட்டை வேண்டாம். தோல் புற்றுநோய் அவர்களுக்கு மிக எளிதில் வரும்.

வெயிலே படாமல் பூட்டி வளர்க்கச் சொல்லவில்லை. விற்றமின் டி வேண்டுமே. சிறிது நேரம் போதும். தோல் கன்றிவிட்டால் குளிர்ந்த நீர்தான் மருந்து, பற்பசை அல்ல. கொப்புளித்தால் வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.

என் வகுப்பில் இப்போது பிந்தி வருகிறவன் மேசைக்குப் பக்கத்தில் நின்று முந்திய நாள் பாடத்தை ஓதுகிறான்.