கடைக்குள் அவதானிப்பு: கண் கண்டதும் மனம் சேர்த்ததும்

உயர்தரத்தில் வணிகக் கல்வி படிக்கும் பிள்ளைகள் சந்தைப்படுத்தல் பற்றிச் செயற்றிட்டம் செய்யப் போனால், முதலில் தூக்குவது வினாக்கொத்தைத்தான். "எதைப் பார்த்து வாங்குவீங்க?" என்று கேட்டால் கலேவெல டவுனில் யாரும் "விலையையும் தரத்தையும்" என்றுதான் சொல்லுவாங்க. வேறென்ன சொல்வது? அதே ஆள் கடைக்குள் போய், வழமையான பக்கட்டை விலையே பாராமல் கூடையில் போடுவார். இன்னொருவர் பிஸ்கட் பக்கட்டைத் திருப்பி, ஹலால் சின்னத்தைத் தேடிவிட்டுத்தான் போடுவார். கேட்டால் "ருசிக்காக" என்பார். சொல்லுக்கும் செயலுக்கும் நடுவே உள்ள இந்த இடைவெளியைப் பிடிக்கத்தான் அவதானிப்பு முறை.

இதை ஒரு தொழிலாகவே வளர்த்தவர் அமெரிக்கரான பாகோ அண்டர்ஹில். நியூயோர்க்கிலுள்ள புளூமிங்டேல்ஸ் பல்பொருள் அங்காடியின் வாசலை நோக்கி அவர்கள் கமரா வைத்துப் பார்த்தார்கள். ஆட்கள் போய்வரும் வழியில் கழுத்துப்பட்டி அடுக்கு ஒன்று இருந்தது. நின்று பார்த்தவர்களை, போகிறவர்கள் ஓரிரு தடவை உரசியதும், அவர்கள் தேடுவதை விட்டுவிட்டு நகர்ந்தார்கள். அடுக்கை வழியிலிருந்து தள்ளி வைத்தார்கள், விற்பனை ஏறியது. 1999 இல் வெளிவந்த அவரது நூலில் இது வருகிறது. ஏன் வாங்கவில்லை என்று அந்த ஆட்களையே கேட்டிருந்தாலும் "உரசினாங்க, அதனால்தான்" என்று சொல்லியிருப்பார்களா என்பது சந்தேகமே. பெருநாளைக்கு முந்திய இரவுகளில் நம்முடைய உடுப்புக் கடைகளை நினைத்துப் பாருங்கள். உம்மாமாரும் பிள்ளைகளும் இடிபடாமல் நின்று துணி பார்க்க எத்தனை கடையில் இடமிருக்கிறது?

பிள்ளைகளின் அறிக்கைகள் என் மேசைக்கு வருவது தமிழ் திருத்துவதற்காக. திருத்த வேண்டியது பெரும்பாலும் எழுத்துப்பிழை அல்ல, வினைச்சொல்தான். "விலை கூடியதால் வாங்காமல் போனார்" என்று எழுதியிருப்பார்கள். கண் கண்டது அதுவா? "சட்டையை எடுத்தார், விலைச்சீட்டைப் பார்த்தார், திரும்ப வைத்தார்." இவ்வளவுதான் கண்டது. மிச்சம் மனம் சேர்த்தது. அளவு பொருந்தாமல் இருந்திருக்கலாம், பஸ்ஸுக்கு நேரமாகியிருக்கலாம். "வசதியான பெண்" என்று எழுதுவதும் அப்படியே. (ஒரு காலத்தில் நாணயத்தின் தரம் பார்ப்பதை நோட்டம் என்றார்கள். இப்போது ஒருவன் நோட்டம் விடுகிறான் என்றால் திருட வந்திருக்கிறான் என்று அர்த்தம்!)

இந்த வேறுபாடு நமக்கு வெறும் ஆய்வு ஒழுங்கு மட்டுமல்ல. 2019 ஏப்ரல் 21 தாக்குதல்களின் பின், அதே மாதம் 29 ஆம் திகதி அவசரகால விதியின் கீழ் முகம் மூடுவது தடைசெய்யப்பட்டது. ஆனால் முகத்தைத் திறந்து அபாயா மட்டும் அணிந்த நம் பெண்களையும் கடை வாசல்களில் வேறு கண்ணால் பார்த்தார்கள். கண்டது ஓர் உடுப்பு. சேர்த்தது ஒரு தீர்ப்பு. அப்படிப் பார்க்கப்பட்டவர்களின் பிள்ளைகள், கையில் கொப்பியோடு கடைக்குள் நின்று இன்னொருவரைப் பார்க்கும்போது அந்தக் கூச்சம் இருக்கத்தான் வேண்டும். ஸூரதுல் ஹுஜுராத்தின் 12 ஆம் வசனம் வீண் சந்தேகத்தையும் துருவித் துருவி ஆராய்வதையும் ஒன்றாகவே தடுக்கிறது.

சந்தையைக் கவனிப்பது நமக்குப் புதிதல்ல. நபியவர்கள் (ஸல்) தானியக் குவியலுக்குள் கைவிட்டு ஈரத்தைக் கண்ட செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உண்டு. பின்னாளில் முஹ்தஸிப் என்ற அதிகாரி சந்தையில் நிறையையும் அளவையையும் சோதித்தார். அந்தப் பார்வை விற்பவர் மேல் விழுந்தது. சந்தை ஆய்வு அதை வாங்குபவர் மேல் திருப்புகிறது. ஆகவே நான் பிள்ளைகளிடம் சொல்வது, ஆளைப் பின்தொடராதீர்கள், ஓர் அடுக்கின் பக்கத்தில் நில்லுங்கள் என்பதுதான். அந்த அடுக்கு ஆட்களை நிறுத்துகிறதா, விரட்டுகிறதா என்று பாருங்கள்.

கடைக்காரரின் அனுமதி எழுத்தில் வேண்டும். வாசலில் ஓர் அறிவித்தல் ஒட்ட வேண்டும். அதை வாசித்தவர் நடை மாறலாம். மாறட்டும், அதையும் குறித்துக்கொள்ளலாம். போனில் படம் எடுக்கவே கூடாது. சம்பள நாளும் பெருநாள் வாரமும் சாதாரண செவ்வாய்க்கிழமையும் ஒன்றல்ல, ஆகவே திகதியும் நேரமும் கட்டாயம். நின்ற நேரம், தொட்ட பொருள், திரும்ப வைத்தாரா, கூடையில் போட்டாரா என்பவற்றுக்குக் கட்டங்கள் போடலாம். பெயருக்கும் இனத்துக்கும் கட்டம் வேண்டாம். "காரணம்" என்ற கட்டத்தை அன்றைக்கு வெறுமையாக விட்டு, எல்லாத் தாள்களையும் வகுப்பில் விரித்து வைத்த பிறகு நிரப்பட்டும்.