திரும்பத் தயங்கும் பளிங்கு

எங்கள் லிங்கநகரிலிருந்து வடக்கே சென்றால் புல்மோட்டை வரும். அக்கடற்கரைக் கருமணலில் இல்மனைட்டும் ரூட்டைலும் உண்டு. இரண்டிலும் தைத்தானியம் அடங்கியிருக்கின்றது. அதனோடு பேரியமும் ஒட்சிசனும் கூடிய பளிங்கே பேரியம் தைத்தனேற்று.

ஏறக்குறைய 120 பாகை செல்சியசுக்குக் கீழே அது ஆறியதும், நடுவிலிருந்த தைத்தானிய அயன்கள் சற்றே ஒருபுறம் ஒதுங்கும். பளிங்கு மின்முனைவு கொள்ளும். மின்புலம் செலுத்தினால் அம்முனைவு புரளும். புலத்தை நீக்கினாலும் புரண்டபடியே நிற்கும். மீட்பதற்குப் போதிய எதிர்ப்புலம் வேண்டும். இதற்கே தயக்கம் என்று பெயர். 1920இல் வலசெக் என்பார் ரோச்செல் உப்பில் இதனைக் கண்டார். மின்சாரம் நின்றாலும் மறவாத கணினி நினைவகங்கள் சில இப்பண்பால் இயங்குகின்றன.

இதனைக் கணக்கிடுவது எங்ஙனம்? இப்பொழுதுள்ள புலத்தை மட்டும் அறிந்தாற் போதாது; முன் நேர்ந்ததையும் அறிய வேண்டும். பள்ளிக் காலைக் கூட்டத்தில் 'வலப்புறம் திரும்பு' என்றால், முன்வரிசைச் சிறுவர் மெல்லிய குரலுக்கே திரும்புவர். பின்வரிசைப் பெரியவர்களோ உரத்துக் கூவினாலன்றி அசையார். (முப்பதாண்டு அநுபவம் இது!) பின்னர் நான் வாளாவிருந்தாலும் எவரும் தாமாக மீளத் திரும்புவதில்லை.

1935இல் பிரைசாக் காந்தங்களுக்கு வகுத்த முறையும் இத்தகையதே. பொருளை எண்ணற்ற சிறு ஆளிகளாகக் கருதி, ஒவ்வொன்றுக்கும் புரள ஓர் எல்லையும் மீள ஓர் எல்லையும் வைத்துக் கூட்டுவர். ஆயினும், ஆணை விரைந்து வந்ததா, மெல்ல வந்ததா என்று அக்கணக்குக் கேளாது. பளிங்கோ கேட்கும், புலம் விரைந்து மாறினால், புரள்வதற்கு இன்னும் வலிய புலம் வேண்டும். ஆதலின் நினைவகம் அமைப்போர் காலத்தையும் கணக்கிற் சேர்க்கின்றனர்.