ஒரு குழந்தைக்கு ஓர் ஊசி

அம்மா கிராம சுகாதாரச் செவிலியராக இருந்தார். எண்பதுகளின் கடைசியில், தடுப்பூசி நாளென்றால் எங்கள் வீட்டில் விடிவதற்கு முன்பே மண்ணெண்ணெய் ஸ்டவ் சீறத் தொடங்கிவிடும். பாத்திரத்தின் அடியில் வெள்ளைத் துணி, அதன்மேல் கண்ணாடி சிரிஞ்சுகள். துணி இல்லையென்றால் கொதியில் முட்டி மோதிக் கீறல் விட்டுவிடும். குழலிலும் தண்டிலும் ஒரே எண் பொறித்திருக்கும். ஜோடி மாறினால் மருந்து பின்பக்கம் கசியும். ஊசித் துளைக்குள் மெல்லிய கம்பியை விட்டு அடைப்பெடுப்பார். முனை மழுங்கியதைச் சாணைக்கல்லில் தேய்த்து, பஞ்சில் இழுத்துப் பார்ப்பார். இழை சிக்கினால் மறுபடியும் கல். கொதி வந்தபின் இருபது நிமிடம். கடிகாரம் பார்ப்பது என் வேலை.

வேப்பமரத்தடியில் நாற்பது குழந்தைகள் காத்திருக்கும். கையில் இருப்பதோ பத்து சிரிஞ்சு. ஊசியை மட்டும் மாற்றிக்கொண்டு அதே சிரிஞ்சால் அடுத்த குழந்தைக்குப் போடுவது அப்போது பல இடங்களில் நடந்ததுதான். ஊசி புதிதென்றால் போதும் என்று நம்பினார்கள். ஊசியை வெளியே எடுக்கும்போது கண்ணுக்குத் தெரியாத ரத்தம் குழலுக்குள்ளும் ஏறலாம் என்பது பிறகுதான் அவர்கள் காதுக்கு வந்தது. இதைச் செவிலியரின் கவனக்குறைவு என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடே இல்லை. மண்ணெண்ணெய் தீர்ந்த நாளில் பக்கத்து வீட்டுக்குக் கேனோடு என்னை ஓடவிட்டவர் என் அம்மா.

1986-இல் சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் நாட்டின் முதல் எச்.ஐ.வி. தொற்றைக் கண்டறிந்தார்கள். செய்தி கிராமம் வரை வந்தபோது பயமும் கூடவே வந்தது. அந்தப் பயத்துக்கு முதலில் ஆளானவர் நோயாளி. தொட மறுத்தார்கள், கட்டிலைத் தள்ளிப் போட்டார்கள். ஊசியின் மேல் கவனம் திரும்ப நாளாயிற்று. தொற்றுள்ளவருக்குப் போட்ட ஊசி கையில் குத்திவிட்டால் எச்.ஐ.வி. பரவும் வாய்ப்பு ஆயிரத்தில் மூன்று அளவுதான். தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைட்டிஸ் பி பரவ நூற்றில் முப்பது வரை வாய்ப்பு உண்டு. மஞ்சள் காமாலைக்கு யாரும் அப்படிப் பயப்படவில்லை.

இன்று அண்ணன் மகள் அதே வேலையில் இருக்கிறாள். அவள் உறையைப் பிரித்து எடுக்கும் பிளாஸ்டிக் சிரிஞ்சில் தண்டை ஒருமுறை முழுக்க அழுத்திவிட்டால் பூட்டிக்கொள்ளும். மறுபடி இழுக்க முடியாது. போட்டதும் மூடியைத் திருப்பிப் போடாமல் ஊசியை ஹப் கட்டரில் வெட்டிவிடுகிறாள். மூடி போடும்போதுதான் விரலில் அதிகம் குத்தும் என்று பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். மருந்துக் குப்பியில் ஒரு வட்டம், உள்ளே சிறு சதுரம். சூடு பட்டுப்பட்டுச் சதுரம் கறுத்து வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டால் அந்தக் குப்பி ஆகாது. போலியோ சொட்டு மருந்துக் குப்பியில் 1996-இல் வரத் தொடங்கிய அடையாளம் இது. ஐஸ் கரைந்த பெட்டியைத் தொட்டுப் பார்த்துத் தவித்த அம்மாவுக்கு அன்று இது இருந்திருந்தால் எத்தனை நிம்மதி! கையில் சரியான பொருளைக் கொடுத்த பிறகு, பாடமாகக் கேட்டதெல்லாம் பழக்கமாகிவிட்டது. அம்மா தலைமுறைக்கு அக்கறையில் குறையில்லை, சாமானில்தான் குறை.

மாறாததும் உண்டு. சாதாரணச் சளிக்கு வருகிறவர்கூட, "ஒரு ஊசி போட்டுவிடும்மா, அப்பதான் கேக்கும்" என்கிறார். வேண்டாத ஒவ்வோர் ஊசியும் வேண்டாத ஆபத்து என்பதை அவள் தினமும் பொறுமையாகச் சொல்கிறாள்.

போன பொங்கலுக்கு வந்திருந்தவளிடம் அம்மா மெதுவாகக் கேட்டார்: "ஊர்ப் பிள்ளைக்கெல்லாம் காமாலை ஊசி போடுறியே, நீ போட்டுக்கிட்டியா?"

"போட்டுட்டேன் அப்பத்தா."

"கார்டை எடு."

எடுத்தாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தாய்மார்களின் அட்டையைப் பார்க்கும் அதே பார்வையோடு அம்மா விரலை வரிவரியாக ஓட்டினார். முதல் தவணைக்குத் தேதி இருந்தது. ஒரு மாதம் கழித்து இரண்டாவது. ஆறாம் மாதத்துக்கான கட்டம் காலியாக இருந்தது. தவணை தாண்டி நான்கு மாதமாகிவிட்டது.

"வேலையில மறந்துட்டேன்" என்றாள்.

காணும் பொங்கல் கழிந்த மறுநாள் காலை முதல் பஸ்ஸுக்கு இருவரும் கிளம்பினார்கள். கார்டு அம்மாவின் மடியில் இருந்தது.